முந்தி வுட்டவன்

வல்லரசு முட்டிய ஒடச்சது நான்தான். மூணு அடி. ரெண்டாவது அடிலயே ஒடஞ்சிட்சி, மூணாவது அடி சும்மா என் வெறிக்கு. கம்பி சரிஞ்சி வுழுந்து ஒடஞ்சிச்சின்னு சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுல வெளியாளுங்களாண்ட இன்னிக்கும் சொல்லிகினு கீறானுங்க. ஆஸ்பத்திரி சீட்டுலயும் அப்டித்தான் எழுதிக்கீது. அதெல்லாம் டூப்பு. திருவொத்தியூர் நீலமேகம், வயசு நாப்பத்திரெண்டு, நான் என் வாயால சொல்றேன். அவன் என் முட்டிய கெடுத்துட்டான்னு அடிச்சேன். அங்கதான் கீது வெசயமே.

மொதல்ல எங்க வேலைய சொல்லிட்றேன், இல்லாங்காட்டி உங்களுக்கு எதுவும் புரியாது. ட்ரெயிலர்ல வர்ற முறுக்குக் கம்பி ஒவ்வொண்ணும் நாப்பது அடி நீளம். கட்டு பிரிச்சி ஆறு கம்பி, ஏழு கம்பின்னு தோள்ல வச்சிகினு ரெண்டு பேரு தூக்கினு போய் அடுக்கணும். முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன். ஜோடின்னு சொல்லுவோம். பொண்டாட்டியாண்ட கோச்சிகினு ஒரு வாரம் பேசாம இருக்கலாம், ஜோடியாண்ட அர நாள் இருக்க முடியாது. கம்பி நடுவுல தொய்ஞ்சி தொய்ஞ்சி ஆடும், அந்த ஆட்டத்துக்கு ரெண்டு பேரும் ஒரே மாரி கால் வெக்கணும். அடுக்காண்ட போனதும் முன்னால போறவன் "வுடு"ன்னு கொரல் குடுப்பான். ரெண்டு தோளும் ஒரே நேரத்துல சரியணும்.

ஒருத்தன் முந்தி வுட்டான்னு வையி, அவனுக்கு ஒண்ணும் ஆவாது. அடுத்த முனைல கீறவனத்தான் கம்பி துள்ளி அடிக்கும். காது, தாடை, கய்த்து, எங்க வேணா அடிக்கும். அத்தால முந்தி வுட்டவன் எல்லார் முன்னாலயும் நான்தான் வுட்டேன்னு வாயத் தொறந்து ஒத்துக்கணும். எங்க மேஸ்திரி சாலமோன் அண்ணன் வச்ச சட்டம் அது. இன்னொரு சட்டமும் கீது. பாரத்துல எவன் முட்டி மடியுதோ அவன் மறுநாள்லேர்ந்து தோள் குடுக்கக் கூடாது. முந்தி வுட்டவனுக்கு ஒரு அறையோட போயிடும். முட்டி மடிஞ்சவன வூட்டுக்கே அனுப்பிடுவாரு, நாளைக்கி அவன் ஜோடிய சாவடிப்பான்னு.

வல்லரசு என் பொண்டாட்டி எழில்மொழிக்கு கூடப் பொறந்த தம்பி. எனுக்கு மச்சான். பதினோரு வருஷமா அவன் முன்னால, நான் பின்னால. அவன் பனியன்ல எங்கெங்க ஓட்டை கீதுன்னு கண்ண மூடிகினு சொல்லுவேன். என்ன மாமான்னுதான் கூப்புடுவான். அவனுக்கு வாய் நீளம், கை அத்தவிட நீளம். ஒரு தபா எண்ணூர் ரோட்டுல லாரி டிரைவர் ஒருத்தன் என்ன பொறம்போக்குன்னு சொல்லிட்டான். வல்லரசு அவன எறக்கி, தலைய கேபின் கதவுல வச்சி சாத்தி, ஏழு தையல் போட வச்சான். அப்பால எனுக்கு டீ வாங்கிக் குடுத்தான். அப்டி ஒருத்தன்.

எனுக்கு எச்.ஐ.வி. கீது. இந்த மூணு வார்த்தைய நான் சத்தமா சொல்றதுக்கு எட்டு வருஷம் ஆச்சி. கல்யாணத்துக்கு முன்னால லாரில கிளீனரா ஓடிகினு இருந்தப்போ நானா தேடிகினு வந்தது, கல்யாணத்துக்கு அப்பாலதான் டெஸ்ட்ல தெரிஞ்சிச்சி. எழிலுக்கு டெஸ்ட் எடுத்ததுல இல்லன்னு வந்திச்சி, இன்னி வரிக்கும் இல்ல, அந்த ஒரு வெசயத்துலதான் நான் பொழச்சேன். ஆஸ்பத்திரில அந்த நோவ அடக்கி வெக்கற ஏ.ஆர்.டி. மாத்திர குடுக்கற எடத்துல இஷ்ரத்னு ஒரு கவுன்சிலர் மேடம். வண்ணாரப்பேட்ட பொண்ணு, கண்டிப்புன்னா அப்டி ஒரு கண்டிப்பு. தெனமும் சாப்டதும் ஒரு மாத்திர, ஒரு நாள் கூட வுடக் கூடாது, எந்த எடத்துல வலி வந்தாலும் மொதல்ல எங்களாண்ட வந்து சொல்லணும்னு ஒவ்வொரு மாசமும் தலைல தட்டாத கொறையா சொல்லும். எனுக்கும் எழிலுக்கும் மட்டும்தான் வெசயம் தெரியும்னு நெனச்சிகினு இருந்தேன். வல்லரசுக்கு தெரிஞ்சா எங்கக்காவக் கட்டிகினு இந்த நோவ வூட்டுக்கு இட்டாந்தியாடான்னு என்ன வெட்டிப் போட்டுடுவான். அதுல எனுக்கு டவுட்டே இல்ல. மாத்திர டப்பாவ அரிசி டின்னுக்குள்ள பொதச்சி வச்சிருந்தோம்.

பங்குனி மாசம் அது நடந்திச்சி. அதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாலேர்ந்தே காலைல எய்ந்தா இடது முட்டி எறுகிகினு இருக்கும். சாயங்காலம் ஆனா ஒடம்பு கதகதன்னு கீறா மாரி இருக்கும். பாரம் தூக்கறவனுக்கு இதெல்லாம் ஒரு நோவான்னு வுட்டுட்டேன். அன்னிக்கி ஏழு கம்பி தோள்ல. அடுக்குக்கு இன்னும் பத்தடி கீது, வல்லரசு கொரலே குடுக்கல. திடீர்னு கம்பி துள்ளிச்சி, அடுத்த செகண்டு நான் கீய கெடக்கறேன், பாரம் மொத்தமும் என் கால் மேல கெடக்குது. முட்டிக்குள்ள ஆணிய வச்சி எறக்கின மாரி வலி. கம்பிய தள்ளி என்ன வெளிய இழுத்தது வல்லரசுதான். அவன் காதாண்டேர்ந்து ரத்தம் ஒழுகி பனியன் வரிக்கும் எறங்கிகினு இருந்திச்சி. நான் என் முட்டியத்தான் பாத்தேன்.

சாலமோன் அண்ணன் ஓடியாந்து எவண்டா வுட்டதுன்னு கேட்டாரு. வலில எனுக்கு வாயே வரல.

"நான்தாண்ணா. நான்தான் முந்தி வுட்டேன்"னு வல்லரசு சொன்னான்.

அண்ணன் அவன் செவுள்ல ஒண்ணு வுட்டாரு, அதுவும் அந்த ரத்தம் வந்துகினு இருந்த பக்கமே. வல்லரசு தலைய குனிஞ்சிகினு வாங்கிகினான். எனுக்கு அப்போ அது பத்தல. இன்னும் ரெண்டு வுடுங்கண்ணான்னு மனசுக்குள்ள சொல்லிகினேன்.

எங்க ஆளுங்களுக்கு அடிபட்டா மொதல்ல நாட்டுக் கட்டுதான். ராயபுரத்துல ஒரு கெயவர் கட்டுவாரு, நல்ல மனுஷன். முட்டிய அமுக்கிப் பாத்துட்டு, எலும்பு ஒடையல, ஆனா உள்ள ஏதோ தண்ணி கட்டிகினு கீது, ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடேன்னு அவரே சொன்னாரு. எக்ஸ்ரே எடுக்க பெரியாஸ்பத்திரிக்கு போனா அங்கதான் என் மாத்திர சீட்டும் கீது, கூட வர்றவனுக்கு வெசயம் தெரிஞ்சிட்டா இன்னா பண்றதுன்னு எனுக்கு பயம், அதெல்லாம் வாணாம் கட்டே போடுங்கன்னு சொல்லிட்டேன். அப்பால அவரு, கட்டு போட்டுகினு இருக்கசொல்ல பச்சிலையும் இங்கிலீஷ் மாத்திரையும் ஒத்துக்காது, நீ ஏதாவது மாத்திர சாப்புட்றியா, இன்னா மாத்திரன்னு சொல்லு, யோசிச்சி சொல்றேன்னு கேட்டாரு. பக்கத்துல பெஞ்சில ஆறு பேரு குந்தினு கீறாங்க. ஒருத்தன் எங்க மார்க்கெட்டு ஆளு. நான் இன்னா சொல்லுவேன்? ஒண்ணும் சாப்புட்றதில்லன்னு சொல்லிட்டேன்.

வூட்டுக்கு வந்து நானே ஒரு முடிவு கட்டினேன். அந்த நோவு எட்டு வருஷமா சும்மாதானே கீது, ஒரு மூணு மாசம் மாத்திர இல்லாம இருந்தா ஒண்ணும் குடி முழுகிடாது. முட்டி போனா சோறு போயிடும். மொதல்ல முட்டி, அப்பால மாத்திர. இப்டி ஒரு பேக்கு இந்த மெட்ராஸ்லயே இருக்க மாட்டான். எழிலு பாக்கசொல்ல மாத்திரய வாயில போட்டுகினு, பாத்ரூம்ல போய் துப்பிடுவேன். இஷ்ரத் மேடம் போன் பண்ணிச்சி, எடுக்கல. மறுபடி பண்ணிச்சி, நம்பர பிளாக் பண்ணேன். அடிபட்ட காலுக்கு அந்த ஆஸ்பத்திரில இன்னா வேலைன்னு அப்போ நெனப்பு.

இருவத்தோரு நாளைக்கி ஒரு கட்டு. நாலு கட்டு போட்டாச்சி. தொடை வத்திப் போய் குச்சி மாரி ஆயிட்சி, முட்டி மட்டும் பன்னு மாரி உப்பிகினு கீது. செவப்பும் இல்ல, சூடும் இல்ல, தொட்டா உள்ள என்னவோ நகருது. சாயங்காலம் ஆனா காய்ச்ச, விடிஞ்சா பாய் நனைஞ்சி கெடக்கும். பதினோரு கிலோ எறங்கிட்டேன். கெயவரு மூணாவது கட்டுலயே கைய விரிச்சிட்டாரு, தம்பி இது அடி மாரி தெரியல, ஆஸ்பத்திரிக்கு போன்னு. நான்தான் அவர திட்டி நாலாவது கட்டு போட வச்சேன். எனுக்கு அது அடிதான். அடிச்சவன் வல்லரசுதான். காய்ச்ச வந்தா அவன திட்டுவேன், கால மடக்க முடியாம கக்கூஸ்ல தவிக்கசொல்ல அவன் பொறந்த நாள திட்டுவேன்.

அவன் என்னடான்னா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம புளியந்தோப்புலேர்ந்து ஆட்டுக்கால் சூப்பு தூக்குச் சட்டில வாங்கினு வந்து வாசப்படில குந்திப்பான். மாமா குடி, எலும்புக்கு நல்லதுன்னுவான். மொத வாரம் குடிச்சேன். ரெண்டாவது வாரம் கொதிக்க கொதிக்க அவன் நெஞ்சில ஊத்தினேன். தோல் உரிஞ்சி போயிட்சி. அடுத்த வாரமும் வந்தான். எழிலு குறுக்க வந்து எந்தம்பிய எதுக்கு இப்டி பண்றன்னு கேட்டா. அவ கன்னத்துல அறைஞ்சேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ மேல கை வெச்சவன் இல்ல நான். அன்னிக்கி வெச்சேன். அத்த நெனச்சா இன்னிக்கும் என் கைய நானே அறுத்துப் போடலாம்னு இருக்கும். வல்லரசு கைய முறுக்கிகினு எய்ந்தான். அக்கா கண்ணாலயே வாணாம்னு சொல்லிச்சி. தூக்குச் சட்டிய எடுத்துகினு போயிட்டான்.

ஆடி மாசத்துல பாரின்னு ஒருத்தன் வந்து சொன்னான், வல்லரசுக்கு இப்போ நான்தான் ஜோடின்னு. பாவம், அவன் என்னாண்ட பர்மிஷன் கேக்கத்தான் வந்தான், மருவாதிக்கி. எனுக்கு மண்டைக்குள்ள என்னவோ அறுந்து போயிட்சி. என் காலத் தின்னுட்டு இன்னொருத்தன தோளுக்கு சேத்துகினானா அவன்னு, மறுநாள் குச்சிய ஊனிகினு ஷேர் ஆட்டோ புடிச்சி சாத்தாங்காடு போனேன்.

மத்தியான சாப்பாட்டு நேரம். லாரிய எட போட்ற எட மேடையாண்ட நெழல்ல எல்லாரும் வரிசையா குந்தினு துன்னுகினு கீறாங்க. வல்லரசு சம்மணம் போட்டுகினு டிபன் பாக்ஸ மடில வச்சிகினு கீறான். எழிலு குடுத்து வுட்ட கருவாட்டுக் கொழம்பு, வாசனையே சொல்லிச்சி. என்னப் பாத்ததும் சிரிச்சி, மாமா வா குந்துன்னு எடம் வுட்டு நகுந்தான். கீய கெடந்த துண்டுக் கம்பிய எடுத்தேன். கை நீளம், ரெண்டு வெரல் மொத்தம். அவன் வலது முட்டில ஒரே போடா போட்டேன். டிபன் பாக்ஸ் பறந்திச்சி. ரெண்டாவது அடில மரக்கட்டைய பொளக்கற மாரி ஒரு சத்தம் வந்திச்சி, அது என் காத வுட்டு இன்னும் போவல. மூணாவது அடில தோல கிழிச்சிகினு வெள்ளையா என்னவோ வெளிய வந்திச்சி. அவன் கைய ஓங்கவே இல்ல. ஓங்கிருந்தான்னா என்ன ஒரு கைலயே மடக்கிருப்பான், நான் அப்போ எலும்பும் தோலும்தானே.

அப்பால என் மேல வுழுந்தாங்க. சாலமோன் அண்ணன், பாரி, மொத்த கேங்கும். செருப்புக் கால், வெறுங்கால், மூஞ்சி, வயிறு, முதுகு, எங்க வேணா. பல்லு ரெண்டு அப்போ போனதுதான். அந்த சத்தத்துக்கு நடுவுல வல்லரசு கொரல் மட்டும் தனியா கேட்டிச்சி.

"முட்டில ஒதைக்காதீங்கடா, முட்டில ஒதைக்காதீங்க."

அவன் முட்டிய சொல்றான்னு நெனச்சேன். என் முட்டியத்தான் சொல்லிகினு இருந்தான். அதுக்குள்ள எவனோ ஒருத்தன் ஒதச்சிட்டான். கட்டு அவுந்திச்சி, முட்டி ஓரமா தோலு பிச்சிகினு தயிர் மாரி கட்டி கட்டியா சீழு ஊத்திச்சி. ஒரு சொம்பு இருக்கும். என்ன அடிச்சிகினு இருந்தவனுங்க எல்லாம் ரெண்டடி பின்னால போயிட்டானுங்க.

ரெண்டு பேரையும் ஒரே குட்டியானை வண்டில ஏத்தினாங்க. தகர தளத்துல அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ரோட்டு குழில வண்டி ஏறி எறங்கசொல்ல அவன் கத்துவான், அப்பால நான் கத்துவேன். காஷுவால்ட்டில டாக்டர் எப்டி ஆச்சின்னு கேட்டதும் வல்லரசு சொன்னான், கம்பி அடுக்கு சரிஞ்சிச்சி சார், எங்க ரெண்டு பேர் மேலயும்னு. கேஸு இல்ல, கோர்ட்டு இல்ல. அப்டித்தான் அந்த சீட்டு எழுதினது.

எலும்பு வார்டுல ஒரு லேடி டாக்டர் என்னப் பாத்துச்சி. எக்ஸ்ரே எடுத்தாங்க, சீழ எடுத்து மிஷின்ல போட்டாங்க, ரத்தம் எடுத்தாங்க. இன்னா மாத்திர சாப்புட்றன்னு கேட்டதுக்கு வழக்கம் போல ஒண்ணுமில்லன்னு சொன்னேன். ரத்தத்துல வெசயம் தெரிஞ்சி போயி, மறுநாள் இஷ்ரத் மேடம் கட்டிலாண்ட வந்து நின்னுச்சி. திட்டும்னு பாத்தேன். திட்டல. எத்தினி மாசமா நிறுத்தினன்னு மட்டும் கேட்டுச்சி. நாலுன்னு சொன்னேன். முக்காடு முனைல கண்ண தொடச்சிகினு போயிட்சி. அது திட்டிருந்தாலே தேவல.

டாக்டரம்மா ஒடச்சி சொல்லிட்சி. முட்டிக்குள்ள டி.பி. டி.பி.ன்னா இருமல்தான்னு நெனச்சிகினு இருந்த ஆளு நான். எச்.ஐ.வி. கீற ஒடம்புல அது எலும்புலயும் போய் குந்திக்குமாம், மூட்டுக்குள்ள தின்னுகினே இருக்குமாம், மாத்திரய நிறுத்தினதும் அதுக்கு கொண்டாட்டம் ஆயிட்சாம். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். கம்பி அடிச்சதுனால வந்துதான்னு. எக்ஸ்ரேவ வெளிச்சத்துல தூக்கிக் காட்டிச்சி. "அடிபட்டதுக்கு அடையாளமே இல்லியே. இது அதுக்கு முன்னாடியே இருக்கு. காலைல முட்டி எறுக்கமா இருந்துச்சா? பாரம் தூக்கும்போது தானா மடிஞ்சுதா?"

அந்த மடிஞ்சுதான்ற வார்த்த என் நெஞ்சில குத்திச்சி. ஆனா அப்போ கூட நான் முழுசா யோசிக்கல. வல்லரசு முட்டிய அநியாயமா ஒடச்சிட்டோமேன்ற வரிக்கும்தான் போச்சி புத்தி.

அவன் மேல் மாடி வார்டுல, நான் கீய. எழிலு ஒரே டிபன் கேரியர்ல ரெண்டு பேருக்கும் சோறு கொண்டாருவா. மொதல்ல மேல போவா, அப்பால கீய வருவா. சோத்த வச்சிட்டு போயிடுவா, ஒரு வார்த்த பேச மாட்டா. பன்னெண்டாவது நாளு மட்டும் சொன்னா, அவனுக்கு தகடு வச்சிட்டாங்க, ஆனா கால் இனிமே மடங்காதாம், நீ போய் அவனாண்ட பேசுன்னு. வாக்கர புடிச்சிகினு லிஃப்டுல போனேன். அவன் மொகத்தப் பாக்க தெம்பு இல்லாம கட்டில் கம்பியப் பாத்துகினு சொன்னேன், அடி இல்லியாம்டா, டி.பி.யாம், எலும்புலயாம்னு. எனுக்கு இன்னொண்ணும் கீதுடா மச்சான்னு ஆரம்பிச்சேன்.

"தெரியும். அஞ்சி வருஷமா தெரியும். அக்கா சொல்லிட்சி. அன்னிக்கே உன்ன வெட்றதுக்கு கத்திய எடுத்தேன். அக்கா என் கால புடிச்சிகினு வுடல."

அஞ்சி வருஷமா தெரிஞ்சிகினேவா எனுக்கு முன்னால நடந்துகினு இருந்தான்? அப்புறம் எதுக்குடா அன்னிக்கி முந்தி வுட்டன்னு கேட்டேன். கேக்கணும்னு கேக்கல, வாயில வந்துடுச்சி.

அவன் தலைய திருப்பி காதுப் பின்னால காட்டினான். நாலு தையல் தழும்பு.

"காயம் யாருக்கு மாமா?"

இருவது வருஷம் கம்பி தூக்கினவன் நான். முந்தி வுட்டவனுக்கு காயம் வராது, அடுத்த முனைல கீறவனுக்குத்தான் வரும்னு இப்போ வேலைக்கு வந்தவனுக்கு கூட தெரியும். ரத்தம் அவன் காதுலேர்ந்து ஒழுகினத நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன். பாத்துட்டு என் முட்டியப் பாத்தேன். என் முட்டிதான் மடிஞ்சிக்கீது. என் முனைதான் மொதல்ல கீய வந்துக்கீது. அவன் காத கிழிச்சது நான், அவன் அறை வாங்கினது எனுக்காக. நீ மடிஞ்சன்னு சொன்னா அண்ணன் உன்ன வூட்டுக்கு அனுப்பிடுவாரு, ஏற்கனவே நோவாளி, வேலையும் போனா நீ ரூம்ல படுத்துகினு செத்துடுவ, அக்கா இன்னா பண்ணும், அதான் நான் வுட்டேன்னு சொன்னேன்னு அவன் செவுத்தப் பாத்துகினு சொன்னான். நாலு நாள் ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்னு நெனச்சேன் மாமான்னான்.

நான் தரைல குந்திட்டேன். குந்த முடியாத காலோட குந்தினேன், முட்டில தையல் போட்ட எடம் பிஞ்சிச்சி. என்ன அடிடா, அந்த குளுகோஸ் ஸ்டேண்ட எடுத்து மண்டைலயே போடுடா, என் முட்டியயும் ஒடைடான்னு அவன் கால புடிச்சிகினு கத்தினேன். வார்டே திரும்பிப் பாத்திச்சி. அவன் என் சட்டைய புடிச்சி மொகத்துக்கு கிட்ட இழுத்தான். கண்ணு ரெண்டும் ரத்தமா இருந்திச்சி. அவன் என்ன மன்னிச்சிட்டான்னு எல்லாம் நெனச்சிக்காதீங்க.

"சோறு துன்னுகினு கீறவன அடிக்க நான் என்ன நீயா? ஒடைக்கிறேன். கண்டிப்பா ஒடைக்கிறேன். மொதல்ல மாத்திரய முடி. ஒயுங்கா நட. நடந்து என்னாண்ட வா."

பதினெட்டு மாசம்னு டாக்டரம்மா சொல்லிட்சி. காலைல டி.பி. மாத்திர நாலு, மூத்திரம் ஆரஞ்சி கலர்ல போவும். ரெண்டு வாரம் கழிச்சி பழைய மாத்திரயும் ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்சதும் முட்டி கொறையறதுக்கு பதிலா இன்னும் பெருசா வீங்கிச்சி. செத்தேன்னு நெனச்சேன். தூங்கிகினு இருந்த ஒடம்பு முழிச்சிகினு சண்ட போடுது, பயப்படாத, நிறுத்தாதன்னு இஷ்ரத் மேடம் சொல்லிச்சி. துன்னதெல்லாம் வாந்தி. மாத்திரய கைல எடுத்தாலே கொமட்டும். எழிலு பக்கத்துல நின்னுகினு நான் முழுங்கறத தொண்டையப் பாத்து கன்ஃபர்ம் பண்ணிப்பா. நாக்கத் தூக்குன்னுவா. நாக்குக்கு அடில கூட பாப்பா. என்ன நம்பாததுல தப்பே இல்ல.

வுட்டுடலாம்னு தோணின நாள் எத்தினியோ. அப்போல்லாம் அவன் சொன்னது நெனப்பு வரும். நான் நடக்கணும். நடந்தாத்தான் அவன் என்ன அடிப்பான். அவன் அடிச்சாத்தான் நான் மனுஷனா தல நிமுந்து எழிலு மொகத்தப் பாப்பேன். ஒரு மாத்திர கூட வுடாம எப்டி சாப்புட்றன்னு ஒரு நாள் இஷ்ரத் மேடம் ஆச்சரியமா கேட்டிச்சி. என் மச்சான் என் கால ஒடைக்கணும் மேடம்னு சொன்னேன். நான் ஜோக்கடிக்கிறேன்னு நெனச்சி சிரிச்சிச்சி.

கடைசி மாத்திர போட்ட மறுநாள் டாக்டரம்மா என்ன நடக்கச் சொல்லிச்சி. நடந்தேன். கொஞ்சம் இழுக்கும், முட்டி பாதிக்கு மேல மடங்காது, ஆனா சீழு இல்ல, காய்ச்ச இல்ல, பதினாலு கிலோ ஏறிக்கீறேன். ஓகே நீலமேகம்னு சொல்லிச்சி. அப்டியே நேரா சாத்தாங்காடு போனேன். அன்னிக்கி ஒதச்சதுக்கப்புறம் சாலமோன் அண்ணன் என்னாண்ட பேசனதில்ல. அவர் கால்மாட்டுல கெடந்த துண்டுக் கம்பி ஒண்ண எடுத்தேன். எதுக்குடான்னாரு. வல்லரசுக்குன்னேன். அவர் மொகம் மாறிட்சி, எய்ந்தாரு. என்ன அடிக்கறதுக்குண்ணான்னு சொன்னதும் திரும்ப குந்திட்டாரு.

வல்லரசு இப்போ எட மேடைல சீட்டு கிழிக்கிற வேல. வலது கால நேரா நீட்டி இன்னொரு ஸ்டூல் மேல வச்சிகினு குந்தினு கீறான். லாரில ஏறி ஏறி எறங்கினு இருந்தவன். நான் கம்பிய அவன் மடில வச்சேன். முடிச்சிட்டேன், வந்துட்டேன்னேன்.

நடன்னான். நடந்து காட்டினேன். குந்துன்னான். பாதி வரிக்கும்தான் குந்த முடிஞ்சிச்சி. எய்ந்திருன்னான். எய்ந்தேன். ஒரு கைல ஸ்டூல புடிச்சிகினு அவனும் எய்ந்தான், கம்பிய தூக்கி கைல எட பாத்தான். பாரி தலைய திருப்பிகினான். நான் இடது கால முன்னால வச்சிட்டு கண்ண மூடிகினேன். பதினெட்டு மாசமா இதுக்குத்தானே முழுங்கினேன். பயமா இருந்திச்சி, ஆனா இன்னியோட முடியப் போவுதுன்னு ஒரு நிம்மதியும் இருந்திச்சி.

"மாத்திர எல்லாம் முடிஞ்சிச்சா?"

டி.பி. மாத்திர முடிஞ்சிச்சின்னேன்.

"அந்த இன்னொண்ணு?"

அது சாவற வரிக்கும் போடணும்டான்னேன்.

கம்பி என் கைல வந்து வுழுந்திச்சி. கண்ணத் தொறந்தேன். அவன் மறுபடி குந்தி, கால ரெண்டு கையாலயும் தூக்கி ஸ்டூல் மேல வச்சிகினு இருந்தான்.

"அப்போ அதுவும் முடியட்டும். முடிச்சிட்டு வா."

அடிடான்னு கெஞ்சினேன். திட்டிப் பாத்தேன், அவன் ஆத்தாவ இழுத்து கூட பேசினேன், கோவம் வரட்டும்னு. அவன் அடுத்த லாரிக்கு சீட்டு கிழிச்சிகினு இருந்தான். அடிச்சிருந்தா அன்னியோட போயிருக்கும். இப்போ நான் சாவற வரிக்கும் அவனாண்ட அடி வாங்காதவனா திரியணும். நூறு வயசு கெயவன் ஆவற வரிக்கும் இருக்கச் சொல்றானா, தெனமும் சாவச் சொல்றானான்னு எழில கேட்டேன். ரெண்டும்தான்னா.

அந்தக் கம்பி எங்க வூட்டு சமையல் கட்டுல அரிசி டின்னு பக்கத்துல சாத்தி வச்சிக்கீது. மாத்திர டப்பா இப்போ டின்னுக்குள்ள இல்ல, மேலயே இருக்குது, வர்றவன் போறவன் யாரு பாத்தாலும் பாத்துட்டுப் போட்டும். தெனமும் சாப்டதும் மாத்திர எடுக்கப் போவேன். எடுக்கசொல்ல கம்பியயும் பாப்பேன், அப்பால தண்ணி ஊத்தி முழுங்கிட்டு வந்து படுப்பேன்.